இறங்கி வந்த சிங்காசனம்

முதலில் மோதிரம், பிறகு கைக்கடிகாரம், பிறகு ஒற்றை வளையல். மூன்றையும் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு மூடி என் மேசை ஓரத்தில் வைக்கிறார் அக்கா. “தம்பி, இத பாத்துக்க” என்கிறார். பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சொல்கிறார், நானும் தலையை ஆட்டுகிறேன். அப்புறம் கறுப்புச் சட்டையின் கைகளை முழங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டு, சபையின் இடது பக்க வரிசைக்கு முன்னால் போய் நிற்கிறார்.

அந்த வரிசையில் பதினோரு பேர். யாருக்கும் காது கேட்காது. அக்கா அவர்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர். ஒருவருக்குப் பெயர் வைப்பதென்றால் அவர்கள் கையாலேயே வைத்துவிடுவார்கள். போதகரின் பெயர், நெற்றியைத் துடைத்துக்கொள்வது. என் பெயர், குமிழைத் திருகும் இரண்டு விரல். அக்காவின் பெயர் சட்டைக் கையை இழுத்துவிடும் அந்த அசைவுதான்.

நான் ஒலிபெருக்கி பார்ப்பவன். சபையில் சத்தம் கூடினாலும் திட்டு எனக்கு, குறைந்தாலும் திட்டு எனக்கு. என் மேசை அந்த இடது வரிசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் வேலையைப் பற்றி இதுவரை ஒரு குறையும் சொல்லாதவர்கள் அந்தப் பதினோரு பேர்தான். அதனால் எனக்கு அவர்கள்மீது தனிப் பிரியம். அக்காமீது இருப்பது பிரியம் மட்டுமல்ல, கொஞ்சம் பயமும்.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. வார நாட்களில் நீதிமன்றம், மருத்துவமனை, ஓய்வூதிய அலுவலகம் என்று எங்கே கூப்பிட்டாலும் போக வேண்டும். அந்தத் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. காது கேளாதவர் சொல்வதை ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக் கூடாது. ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். “காலைல நான் திருடலன்னு சொன்னேன். மத்தியானம் எனக்குக் கட்டி எவ்ளோ பெருசுன்னு கேட்டேன். சாயங்காலம் என் பென்ஷன் எங்கன்னு சண்ட போட்டேன். வீட்டுக்குப் போனா எங்க வீட்டுக்காரரு கேக்குறாரு, நீ என்ன சாப்பிடுறேன்னு. எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியல தம்பி.” இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல மாட்டார். பிளாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றியபடி, பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொல்வார்.

எதையும் கூட்டுவதில்லை, எதையும் குறைப்பதில்லை என்பதில் அவருக்கு இரும்புப் பிடிவாதம். ஒருநாள் போதகர் பேச்சுவாக்கில், மனிதர்களுக்குப் புத்தி சொல்வது செவிடன் காதில் ஊதிய சங்கு என்று சொல்லிவிட்டார். எனக்கே உடம்பு கூசிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் நைசாக விழுங்கியிருப்பார்கள். அக்கா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. செவிடன், காது, சங்கு, ஊதுவது என எல்லாவற்றையும் அந்தப் பதினோரு முகங்களுக்கு நேராகக் காட்டினார். வரிசையின் ஓரத்தில் உட்காரும் தச்சர் உடனே கையை அசைத்தார். அதையும் அக்கா சத்தமாகச் சபைக்குச் சொன்னார்: “ஊதுறவனுக்குக் கண்ணு தெரியாதா, யாரு காதுல ஊதுறோம்னு?” போதகர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனிதர், மறுவாரம் மன்னிப்புக் கேட்டார்.

இந்த ஆண்டு போதகர், பரலோகச் சிங்காசனத் தரிசனங்களை எடுத்துக்கொண்டு பத்து வாரத் தொடர் ஆரம்பித்தார். வேதத்தின் கடைசிப் புத்தகத்தில் வருகிற சிங்காசனம், அதைச் சுற்றி மரகத நிற வானவில், வெள்ளை அங்கியும் கிரீடமும் தரித்த இருபத்து நான்கு மூப்பர்கள், முன்னால் கண்ணாடிக் கடல், சிங்கம், கன்று, மனிதன், கழுகு போன்ற நான்கு ஜீவன்கள். போதகருக்கு அது வாய்க்குக் கரும்பு. சிங்கம் என்றால் பலம், கன்று என்றால் பொறுமை, கடல் என்றால் பரிசுத்தம் என்று மளமளவென்று பொருள் சொல்லிக்கொண்டு போவார். மாட்டிக்கொண்டவர் அக்கா.

“பேசுறவங்க மழுப்பலாம். கையில மழுப்ப முடியாது” என்பார். வானத்தில் ஒரு சிங்காசனம் இருந்தது என்று வாயால் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். கைமொழியில் அதை ஓர் இடத்தில் வைத்தாக வேண்டும். எந்த உயரத்தில், எந்தப் பக்கம் பார்த்து? ஒருமுறை வைத்துவிட்டால் அந்த இடம் அதற்கே சொந்தம். மறுபடி சிங்காசனம் என்ற சொல் வரும்போதெல்லாம் கை அங்கே போயாக வேண்டும். அக்கா வலது கை விரல்களைக் குவித்துத் தலைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினார். அதுதான் சிங்காசனம். ஒரே அதிகாரத்தில் அந்தச் சொல் பத்துப் பன்னிரண்டு தடவை வருகிறது.

வாரா வாரம் வியாழக்கிழமை போதகருக்குத் தொலைபேசியில் கேள்விகள் போகும். பழைய தீர்க்கதரிசி ஒருவர் கண்ட தரிசனத்தில், ஆறு சிறகில் இரண்டால் முகத்தை மூடுகிறது, இரண்டால் காலை மூடுகிறது, இரண்டால் பறக்கிறது. எல்லாம் ஒரே நேரத்திலா, ஒன்றன்பின் ஒன்றா? எனக்கு இருப்பது இரண்டு கைதானே? எழுதியிருக்கிறபடி செய்யுங்கள் அம்மா என்று போதகர் சொல்லிப் பார்த்தார், அக்கா விடவில்லை. பொருளை முன்னாலும் படத்தைப் பின்னாலும் சொல்லாதீர்கள் என்றும் சண்டை பிடித்தார். “அர்த்தத்த மொதல்ல குடுத்துட்டா படத்த யாரு பாஸ்டர் பாக்கப் போறாங்க?” போதகர் இரண்டு வாரம் அப்படியே செய்தார். மூன்றாம் வாரம் மறந்துவிட்டார்.

அந்த வரிசையோ சனிக்கிழமையே அதிகாரத்தைப் படித்துவிட்டு வந்து உட்காரும். ஊமை கண்ட கனவு என்று ஒரு சொலவடை உண்டு. அதைச் சொன்னவர் இந்த வரிசையைப் பார்த்திருக்க மாட்டார். ஜீவன்களுக்கு உள்ளும் புறமும் கண்கள் நிறைந்திருந்தன என்று வந்த வாரம் தச்சர் கை தூக்கினார். கண்ணைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறது, காதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே, அப்படியானால் அவை எங்கள் ஆட்களா என்று கேட்டார். அன்று பதினோரு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஜீவன்கள் இரவும் பகலும் ஓய்வில்லாமல் துதித்துக்கொண்டே இருக்கின்றன என்ற வரியைக் காட்டி முடித்துவிட்டு வந்த அக்கா, என் மேசையில் சாய்ந்துகொண்டு, “அதுங்களுக்கும் மாத்தாள் கெடைக்கல போல” என்றார்.

அதை நான் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தேன். அக்காவின் வலது தோள் இறுகிப் போயிருந்தது. நெஞ்சுக்கு மேலே கையைத் தூக்கக் கூடாது, மூன்று மாதம் ஓய்வு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஊரில் இன்னொரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார், இரண்டு வருடத்துக்கு முன்பு வேறு நகரத்துக்குப் போய்விட்டார். இவரும் நின்றுவிட்டால் அந்த வரிசை வெறும் பெஞ்சாகிவிடும். அக்கா யாரிடமும் சொல்லவில்லை. முதல் வாரம் தலைக்கு மேலே இருந்த சிங்காசனம் அடுத்த வாரம் காதுக்கு வந்தது, அப்புறம் மோவாய்க்கு வந்தது. ஐந்தாம் வாரம் நெஞ்சுக்கு நேராக நின்றது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நான் கவனிக்கவே இல்லை. எனக்குக் காது கேட்கும் அல்லவா?

ஆறாம் வாரம் கேள்வி நேரத்தில் தச்சர் எழுந்தார். அவர் கை பேச, அக்காவின் வாய் சொன்னது.

“மொதல் வாரம் சிங்காசனம் அக்கா தலைக்கு மேல இருந்துச்சு. இப்ப நெஞ்சுக்கு நேரா இருக்கு. நான் நாற்காலி செய்றவன், ஒசரத்த கவனிப்பேன். அவரு எறங்கி வந்துட்டாரா?”

தன் தோளைப் பற்றிய கேள்வியை அக்கா தன் வாயாலேயே, தன்னை ‘அக்கா’ என்று சொல்லிக் கேட்டார். குரலில் நடுக்கம் இல்லை. முகத்தில்தான் ரத்தம் இல்லை. போதகர் சைகைகளை என்றைக்கும் பார்த்தவரல்ல. தச்சர் ஏதோ ஆவிக்குரிய ஆழத்தைத் தொட்டுவிட்டார் என்று நினைத்து மகிழ்ந்துபோனார். ஆமாம், தூரத்தில் இருந்த சிங்காசனம் நம் நடுவே இறங்கி வருவதுதான் இந்தத் தரிசனங்களின் சாரமே என்று பத்து நிமிடம் பேசினார். அந்தப் பத்து நிமிடத்தையும் அக்கா காட்டினார், நெஞ்சுக்கு நேராக.

அந்த வரிசையின் முன்பெஞ்சில் இஸ்திரி அம்மா அழுதுகொண்டிருந்தார். சலவை நிலையத்தில் துணி தேய்ப்பவர். அவருடைய கணவரும் அதே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்தான். ஒன்றரை வருடம் படுக்கையில் கிடந்தார், அவரைத் தூக்கித் தூக்கி உட்காரவைத்ததில் இந்த அம்மாவின் தோளும் அப்போது இறுகிப்போய்ப் பிறகு சரியாகியிருந்தது. அவர் இறந்து எட்டு மாதம். ஆராதனை முடிந்ததும் அம்மா வந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். பிறகு ஏதோ காட்டினார். என்ன சொன்னார் என்று நான் பிற்பாடு கேட்டேன்.

“எட்டு மாசமா அண்ணாந்து பாத்துக் கழுத்து வலிக்குதாம். இப்ப மூஞ்சிக்கு நேரா வந்துட்டாராம். கண்ணத் தொடைக்கக் கை எட்டுமாம்.” அக்கா பிளாஸ்கின் மூடியைத் திருகினார், திறக்கவில்லை. “இருபத்தாறு வருஷத்துல நான் கூட்டிச் சொன்னது இது ஒண்ணுதான் தம்பி. அதுவும் அந்தப் புஸ்தகத்துல.”

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், இதோடு ஒன்றையும் கூட்டாதே, குறைக்காதே என்று கடுமையான எச்சரிக்கை இருக்கிறது. எனக்கும் தெரியும். இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. ஒரு மனுஷிக்கு ஆறுதல் கிடைத்தது, யாருக்கு என்ன நஷ்டம் என்றேன்.

“மருந்து மாத்திக் குடுத்துட்ட. ஜொரம் விட்டுடுச்சு. அடுத்த ஆளுக்கும் அதையே குடுப்பியா?”

ஏழாம் வாரத்து அதிகாரத்திலும் சிங்காசனம் வருகிறது. அதை அக்கா எங்கே வைப்பார்? நெஞ்சில் வைத்தால் தெரிந்தே சொல்லும் பொய். உண்மையைச் சொன்னால் அந்த அம்மாவுக்கு எட்டு மாதத்தில் முதல்முறையாகக் கிடைத்ததைப் பிடுங்கிக்கொள்வது. அந்த வாரம் முழுக்க அக்கா தூங்கவில்லை என்று அவர் வீட்டுக்காரர் வாசலில் வைத்து என்னிடம் சொன்னார். அவருக்கும் கண் சிவந்திருந்தது.

ஏழாம் வார ஞாயிறு அக்கா முன்னதாகவே வந்தார். மோதிரம், கடிகாரம், வளையல். சட்டைக் கைகளை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசைக்கு முன்னால் நின்று, இடது கையால் பேசத் தொடங்கினார். கை பேசும்போது வாயும் பேசும், பழக்க தோஷம். அதனால் எனக்கும் கேட்டது.

“அவரு எறங்கல. என் தோள்தான் எறங்குச்சு. டாக்டர் கையத் தூக்காதன்னுட்டாரு. ஒங்ககிட்ட சொல்லாம விட்டது தப்பு.”

தச்சர் தரையைப் பார்த்தார். அந்தக் கேள்வியை ஏன் கேட்டோம் என்று அவருக்கு இருந்திருக்கும். இஸ்திரி அம்மா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். அந்த வரிசையில் அதற்கு ஒரே பொருள்தான்: இனி எனக்குப் பேச ஒன்றுமில்லை. எனக்கு அக்காமீது அப்போது கோபம்கூட வந்தது. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் விட்டுவைத்திருக்கலாமே என்று நினைத்தேன்.

ஆராதனை தொடங்கியது. எண்ண முடியாத ஜனக்கூட்டம், வெள்ளை அங்கி தரித்துச் சிங்காசனத்துக்கு முன்னால் நிற்பதைப் போதகர் வாசித்தார். அக்கா கூட்டத்தைக் காட்டினார், அங்கியைக் காட்டினார். பிறகு இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, மேலே தூக்கினார். தோள்வரை வந்தது. அதற்குமேல் வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொருமுறை தூக்கினார், கை அங்கேயே நின்றுவிட்டது. போதகர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். சிங்காசனம் இன்னும் எங்கேயும் வைக்கப்படவில்லை.

இஸ்திரி அம்மா எழுந்தார். நடந்துபோய் அக்காவுக்குப் பக்கத்தில், வரிசையைப் பார்த்து நின்றார். தன் வலது கை விரல்களைக் குவித்துத் தலைக்கு மேலே, கை எட்டும் மட்டும் உயர்த்தி நிறுத்தினார். நாளெல்லாம் இஸ்திரிப் பெட்டி பிடிக்கிற கை, அசையவில்லை. பத்து ஜோடிக் கண்களும் அண்ணாந்தன. போதகர் அன்றைக்குத்தான் முதல்முறையாக இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து ஒரு நொடி நிறுத்தினார், பிறகு வாசித்தார். அக்கா இடது கையாலேயே தூதர்களை விழவைத்தார், ஜீவன்களை நிற்கவைத்தார். சிங்காசனம் என்று வரும்போதெல்லாம் அந்தக் கையை நிமிர்ந்து பார்த்தார்.

அதிகாரத்தின் கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு வரி வருகிறது. சிங்காசனத்தில் வீற்றிருப்பவர் இந்த ஜனங்களுக்குள்ளேயே வந்து வாசம்பண்ணுவார் என்று. போதகர் அதை வாசித்ததும், அக்கா அந்த அம்மாவின் முழங்கையை இரண்டு விரலால் தொட்டார். சனிக்கிழமையே படித்துவிட்டு வந்தவருக்கு வேறு சொல்ல வேண்டியிருக்கவில்லை. கை மெல்ல இறங்கத் தொடங்கியது. நெற்றியைத் தாண்டி, முகத்துக்கு நேராக வந்து, நெஞ்சில் நின்றது. அதிகாரத்தின் கடைசி வரி கண்ணீரைத் துடைப்பது பற்றியது. அதையும் அந்த அம்மாவே காட்டினார்.

அக்கா அரையடி விலகி, வலது கையை இடது கையில் ஏந்திக்கொண்டு, மற்றப் பத்துப் பேரைப்போல நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.