கூரைமேல் எறிந்த கடைவாய்ப் பல்

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு முன் என் மகள் ஸ்டெல்லாவுக்கு எட்டு வயது. அவள் கடைவாய்ப் பல் ஒன்றில் கறுப்பாகக் குழி விழுந்திருந்தது. வலிக்கிறது என்று அழுவாள். "பால் பல்லுதான் கண்ணு, தானா உழுந்துட்டுப் புதுசு மொளைக்கும்" என்று சொல்லி, கிராம்பை நசுக்கி வைத்துவிட்டுக் கடலைக்காய் பிடுங்கப் போய்விடுவேன்.

ஒரு நாள் கன்னம் வீங்கிவிட்டது. காரிமங்கலத்தில் பஸ் ஏறி, தருமபுரியில் பல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். வீக்கம் வற்ற மாத்திரை கொடுத்து, மறுவாரம் பல்லைப் பிடுங்கினார்.

"பால் பல்லுதானுங்களே, மறுபடி மொளைச்சுருமுங்களா?" என்று தயங்கிக் கேட்டேன்.

"இல்லம்மா. ஆறு வயசுல, எந்தப் பல்லும் விழாமலே பின்னால மொளைக்கிற பல்லு இது. போனா போனதுதான். குழி சின்னதா இருக்கறப்பவே வந்திருந்தா அடைச்சிருக்கலாம்."

"உங்கம்மா பெரிய டாக்டரு!" என்றார் என் கணவர் ஸ்டெல்லாவிடம். நான் தலைநிமிரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா அந்தப் பல்லைச் சாணத்தில் உருட்டிக் கூரைமேல் எறிந்தாள். விழுந்த பல்லை அப்படிப் போட்டால் புதுப் பல் வரும் என்று பழக்கியவளே நான்தான். "எத்தன நாள்ல மொளைக்கும்மா?" என்றாள்.

இப்போது ஞாயிறுதோறும் கோயிலுக்குக் கிளம்புமுன், கணவர் உட்பட எல்லாரையும் வாசல் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன். கறுப்புப் புள்ளி தெரிந்தால் வலிக்கும்வரை காத்திருப்பதில்லை. அந்த வாரமே பஸ் ஏறிவிடுகிறோம். ஸ்டெல்லா வாயைத் திறக்கும்போது மட்டும், அந்த இடத்தைப் பார்க்க மனம் கூசுகிறது.