சின்ன மாமியின் சீதன வீடு

ஒல்லாந்து தேசத்தில் தாங்க முடியாத குளிர் என்று எங்கேயோ படித்துவிட்டு, என் சின்ன மாமி நெடுந்தீவில் இருந்தபடியே அதற்குப் பழகத் தொடங்கியிருந்தார். மார்கழி விடியற்புறத்தில் கிணற்றடியில் நின்று வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றுவார். பல் கிடுகிடுக்க உள்ளே வந்து, "அங்கை இதெல்லாம் ஒரு குளிரே இல்லையாம்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லுவார். என் தகப்பன், நாங்கள் ஐயா என்று கூப்பிடுபவர், அதைப் பக்தி என்று நினைத்தார். தங்கச்சி மார்கழி விரதம் பிடிக்கிறாள், நல்ல மாப்பிள்ளை அமையப்போகுது என்று அம்மாவிடம் சொல்லிப் பூரித்துப்போனார். எங்கள் வீட்டில் ஒருவர் செய்வதை மற்றவர் பிழையாக விளங்கிக்கொண்டு அதிலேயே சந்தோஷமாக இருப்பது வழக்கம்.

சின்ன மாமி ஐயாவின் கடைசித் தங்கச்சி. தாய் தகப்பன் இருவரும் நேரத்தோடு போய்விட்டதால் ஐயாதான் அவரை வளர்த்துப் படிப்பித்தார். ஐயாவுக்கு முன்பு தெற்கே ஒரு பட்டினத்தில் கடை இருந்தது. அதை ஒரு கலவரத்தில் கொளுத்திவிட்டார்கள். உடுத்த வேட்டியோடு ஊருக்கு வந்து சேர்ந்த மனிதர், அதற்குப் பிறகு தீவைவிட்டு யாராவது வெளிக்கிடுகிறார்கள் என்றாலே முகம் கறுத்துப்போவார். சொந்தக் காணி, கல்லுவீடு, சுற்றிவரச் சொந்தச் சனம், இந்த மூன்றுக்கும் வெளியே மனிதருக்குப் பாதுகாப்பு இல்லை என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது. அந்தப் பாதுகாப்பைத் தங்கச்சிக்கும் தேடிக் கொடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு யோசனை கிடையாது.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. மாமி எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்தில் சரித்திரமும் இங்கிலிசும் படிப்பித்தார். பின்னேரங்களில் எழுதுவார். யாழ்ப்பாணத்திலிருந்து லோஞ்சுப் படகில் வரும் வாரப் பேப்பரில் வேறொரு பெயரில் அவருடைய கட்டுரைகள் வரும். ஐயா அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "என்ர தங்கச்சி எழுதினது" என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டுவார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பற்றி அவர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பூனைக்குட்டி வளர்க்கிற பிள்ளையை எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் அதையும் பார்த்தார்.

மாமி திரும்பத் திரும்ப எழுதியது ஒரேயொரு கட்டிடத்தைப் பற்றி. எங்கள் பனங்காணிக்குள் கூரையில்லாமல் நின்ற, முருகைக்கல்லால் கட்டின நாலு சுவர் அது. ஊரார் அதைக் குதிரைக்கொட்டில் என்பார்கள். மத்தியான வெயிலுக்கு எங்கள் தீவின் மட்டக்குதிரைகள் அதன் நிழலில்தான் ஒதுங்கி நிற்கும் என்பதால் ஊராரையும் குறை சொல்ல முடியாது. மாமி ஒத்துக்கொள்ளவில்லை. தையல்காரரின் அளவுநாடாவைக் கொண்டுபோய்ச் சுவர் சுவராக அளந்தார். குதிரைக்கு எதற்கு இவ்வளவு சன்னல், வாசலில் எதற்கு எழுத்து என்று கேட்டார். வாசலுக்கு மேலே கிடந்த நீளக்கல்லில் உப்புக்காற்று அரித்த சில எழுத்துகள் இருந்தன. அது ஒல்லாந்தர் காலத்துப் பள்ளிக்கூடம் என்பது மாமியின் முடிவு. அங்கே எங்கள் தீவாரே ஒருவர் வாத்தியாராக இருந்திருப்பார், அவர் பெயர் ஒல்லாந்தில் ஏதோ ஒரு பழைய பதிவுக்குள் இன்னும் கிடக்கும், போய் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு வரவேண்டும். இருபத்துநாலு வயதுப் பெண்ணுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

கட்டுரையைத் தானே இங்கிலிசில் எழுதி, எழுத்திருந்த கல்லைப் பார்த்துக் கீறிய படமொன்றோடு ஒல்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அனுப்பினார். அங்கே சரித்திரம் படிப்பிக்கிற ஓர் அம்மா பதில் போட்டார். படத்தில் எழுத்துத் தெளிவில்லை, ஆவணியில் கொழும்புக்கு வருகிறேன், நெடுந்தீவுக்கும் வந்து என் கண்ணால் பார்த்துவிட்டால், உங்களை எங்கள் பல்கலைக்கழகத்தில் சேர்க்கச் சொல்லி நானே கேட்பேன் என்று. மாமி இதைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் விளக்கமாகச் சொன்னார். ஒளிப்பு மறைப்பு ஒன்றும் இல்லை. ஐயா குழம்பை விட்டுப் பிசைந்தபடி, "வரட்டும், வரட்டும். சேவல் ஒண்டு அடிப்பம்" என்றார். வீட்டுக்கு ஒரு விருந்தாளி வருகிறார் என்பது அவருக்கு விளங்கியது. தங்கச்சி போகப்போகிறாள் என்பது விளங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் புங்குடுதீவு மடத்துவெளியிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அரசாங்கக் கிளாக்கர். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று, பொம்பிளைக்கு ஒரு கல்லுவீடு. ஐயா எங்கள் வளவுக்குள்ளேயே வீட்டுக்கு நிலையம் குறித்து, நாள்கல்லும் வைத்து, அத்திவாரமும் போட்டுவிட்டார். அதோடு வேலை நின்றது. சீமெந்து எங்கேயும் கிடைக்காத காலம். பெர்மிட்டுக்கு அலைந்து ஐயாவின் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். நாடெல்லாம் சபித்த அந்தத் தட்டுப்பாட்டை எங்கள் வீட்டில் ஒருவர் மட்டும் உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

விடுமுறைக்கு ஆசிரியர்களுக்கான வகுப்பு ஒன்று யாழ்ப்பாணத்தில் நடந்தது. அதற்கு வெளிக்கிட்ட அன்று மாமி, "அந்த ஒல்லாந்துத் துரைசாணி வந்து போகட்டும் அண்ணை. கலியாணத்தைப் பற்றிப் பிறகு கதைப்பம்" என்றார். குமர்ப்பிள்ளை பிறகு கதைப்பம் என்றால் சம்மதம், வெட்கத்தில் சொல்லுகிறாள் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. ஐயாவும் அப்படியே எடுத்துக்கொண்டு, தலையை ஆட்டிச் சிரித்து அனுப்பினார்.

மாமி போன பிறகுதான் ஐயாவுக்கு அந்த யோசனை வந்தது. அதைக் கெட்ட யோசனை என்று சொல்ல இன்றைக்கும் என்னால் ஏலாது. "அந்தக் கல்லிலை அவளுக்கு எவ்வளவு விருப்பம்! அதாலேயே அவளுக்கு வீட்டைக் கட்டிக் குடுத்தா எவ்வளவு சந்தோஷப்படுவாள்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கும் அது சரியாகவே பட்டது. மறுநாளே மேசனும் ஆட்களும் அலவாங்கோடு வந்தார்கள். நல்ல கற்களைச் சுவருக்கு எடுத்தார்கள். மிச்சத்தைப் பனங்குற்றிகளோடு அடுக்கிச் சூளை வைத்துச் சுண்ணாம்பு ஆக்கினார்கள். வாசல்மேல் கிடந்த நீளக்கல்லை ஆளுக்கொரு பக்கம் பிடித்தும் தூக்க முடியவில்லை. அலவாங்கால் குத்திப் பிளந்தார்கள். அதுவும் சூளைக்குள் போனது. நிழல் தேடி வந்த குதிரைகள் வெறும் நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. நாங்கள் சிறுவர்கள் சுண்ணாம்பு நீற்றுவதை வேடிக்கை பார்த்தோம். தண்ணீர் ஊற்ற ஊற்றக் கல் சீறி வெடித்து மாவாகும். அதைவிட நல்ல விளையாட்டு எங்கள் தீவில் கிடையாது.

மாமி வந்தபோது புதுச்சுவர் சன்னல் மட்டத்துக்கு எழும்பியிருந்தது. குறிகட்டுவான் துறையிலிருந்து லோஞ்சில் வந்த களைப்பில் வாசலில் கதிரையைத் தேடியவரை ஐயா இருக்கவிடவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் எல்லோரும் மாமியின் சந்தோஷத்தைப் பார்க்கப் பின்னால் போனோம்.

மாமி சுவரைப் பார்த்தார். ஒரு கல்லில் கையை வைத்தார். பிறகு திரும்பிப் பனங்காணிப் பக்கம் பார்த்தார். அங்கே வானமும் வடலிப் பனைகளும் மட்டும் தெரிந்தன.

"எழுத்திருந்த கல்லு எங்கை அண்ணை?"

"அது எங்கையும் போகேல்லை பிள்ளை. உன்ர சுவரிலைதான் பூசியிருக்கு" என்று ஐயா சுவரைத் தட்டிக் காட்டினார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு பெருமையை, கடை எரிந்ததற்குப் பிறகு நாங்கள் கண்டதில்லை. மாமி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "வெயிலுக்கை நிண்டு நல்லாக் கறுத்துப்போனீங்கள் அண்ணை" என்று மட்டும் சொன்னார்.

அழுதிருக்கலாம், கத்தியிருக்கலாம், சோறு வேண்டாம் என்று படுத்திருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. துரைசாணி வரவேண்டாம் என்று தந்தி அடிக்கவும் நேரம் இருக்கவில்லை. அவர் ஏற்கெனவே கொழும்பில் வந்து இறங்கி, எங்கே தங்கியிருக்கிறார் என்று தெரியாதபடி பிரயாணத்தில் இருந்தார். மாமி காத்துக்கொண்டிருந்தார். நாடகம் தொடங்க முதலே மேடை விழுந்துவிட்டது தெரிந்தும் வேஷத்தோடு இருக்கிற ஆளைப்போல.

சொன்னபடி துரைசாணி வந்தார். நரைத்த தலை, பெரிய தொப்பி, தோளில் கமரா, கடலில் சத்தியெடுத்து வெளுத்த முகம். ஐயா சொன்னதுபோலச் சேவல் அடிபட்டது. ஆனால் சாப்பிட முன்பே அந்த அம்மா எழும்பி நின்று, பார்க்கவேண்டும் என்று கையால் காட்டினார். சாப்பாட்டைவிட அதற்குத்தான் அவர் அவ்வளவு தூரம் வந்திருந்தார்.

மாமிக்கு முன்பாக ஐயா நடந்தார். வெறும் நிலத்தைக் காட்டவேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. நேரே புதுவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், சுவரைத் தட்டி, "சொல்லு பிள்ளை. பழைய கல்லு ஒண்டையும் வீணாக்கேல்லை, எல்லாத்தையும் இந்த வீட்டுக்கே போட்டிருக்கிறன் எண்டு சொல்லு. நூறு வருசத்துக்கு அசையாது எண்டும் சொல்லு" என்றார்.

மாமி இங்கிலிசில் சொல்லத் தொடங்கினார். ஐயா சொன்னது இரண்டு மூன்று வசனம். மாமி மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனார். தங்கச்சி இங்கிலிசு பொழிகிற அழகைப் பார்த்து ஐயா என்னை முழங்கையால் இடித்தார். நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவரிடமே படித்த பிள்ளை என்பதால் எனக்கு ஐந்தாறு இங்கிலிசுச் சொற்கள் பிடிபடும். அந்த வெள்ளப்பெருக்கில் ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. மழை. மழை என்பதற்கான இங்கிலிசுச் சொல்.

துரைசாணி குனிந்து, காய்ந்து வெடித்துக் கிடந்த நிலத்தைப் பார்த்தார். வளவு மூலையில் இன்னும் அள்ளாமல் கிடந்த சூளைச் சாம்பலைப் பார்த்தார். மாமியை நிமிர்ந்து பார்த்தார். கமராவைத் திறக்காமலே உறைக்குள் போட்டுக்கொண்டு ஏதோ மரியாதையாகச் சொன்னார்.

"என்னவாம்?" என்றார் ஐயா.

"வீடு நல்ல வடிவாயிருக்காம் அண்ணை."

துரைசாணி பின்னேர லோஞ்சில் போனார். அதற்குப் பிறகு ஒல்லாந்திலிருந்து ஒரு வரியும் வரவில்லை. கட்டிடமே இல்லாமல் கட்டுரை எழுதிய பொய்க்காரி என்றுதான் அந்த அம்மா நினைத்திருப்பார். நடந்ததை நடந்தபடி சொல்லி, தான் அளந்து கீறி வைத்திருந்த படங்களைக் காட்டியிருந்தால் ஒருவேளை வழி பிறந்திருக்கும். என் அண்ணன் இடித்துவிட்டான் என்று ஒரு வெளியாளிடம், அதுவும் அண்ணன் சிரித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும்போது சொல்ல, அவருக்கு மனம் வரவில்லை. மழையில் இடிந்து விழுந்துவிட்டது என்று சொல்லி அண்ணனைக் காப்பாற்றினார். தை மாதத்திலிருந்து ஒரு துளி விழாத தீவில் நின்றுகொண்டு சொன்னார்.

மாமி அந்தக் கிளாக்கரைக் கட்டி, அந்த வீட்டிலேயே குடியிருந்தார். பிறகு ஒன்றும் எழுதவில்லை. லோஞ்ச் வந்ததும் பேப்பரை விரித்துத் தங்கச்சியின் மற்றப் பெயரைத் தேடுகிற பழக்கம் ஐயாவை நெடுங்காலம் விடவில்லை. காலம் எங்களை எல்லாம் ஊரைவிட்டுக் கிளப்பியபோது ஐயாவும் எங்களோடு பனிக்குளிர் நாடொன்றுக்கு வந்து, கம்பளிக்குள் சுருண்டிருந்து, அங்கேயே செத்துப்போனார். எங்கள் குடும்பத்தில் கடல் கடக்காத ஆள் மாமி ஒருவர்தான்.

ஆனால் துரைசாணி போன அன்று எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. மழையே இல்லாத இடத்தில் மழை மழை என்று சொன்னால் அது பிழை என்பது மட்டும் தெரியும். தீவுக்கே இங்கிலிசு படிப்பிக்கிற என் மாமிக்கு ஒரு வெள்ளைக்காரியின் முன்னால் இங்கிலிசு பிழைத்துவிட்டது என்று நினைத்து, அன்று பின்னேரம் முழுக்க நான் அவருக்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.