பார்க்காமல் போட்ட பூஜ்யம்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதம். அலங்காநல்லூர் பக்கம் பறவைக் கணக்கெடுப்புக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மதுரையில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் நானும் ஆசையாகப் பெயர் கொடுத்திருந்தேன்.

கடைசி நாள் ஆளுக்கொரு கண்மாயைப் பிரித்துக் கொடுத்தார்கள். எனக்கு வந்தது வற்றிப்போன ஒரு கண்மாய். சுற்றிலும் எட்டு இடங்களில் கொடி நட்டிருந்தது. ஒவ்வொரு கொடியருகிலும் பத்து நிமிடம் அசையாமல் நின்று, கண்ணில் படுகிற பறவை, காதில் விழுகிற குரல், தரையில் இருக்கும் கூடு எல்லாவற்றையும் படிவத்தில் எழுத வேண்டும்.

ஆறு கொடிகளை ஒழுங்காகத்தான் பார்த்தேன். அதற்குள் வெயில் மண்டையைப் பிளந்தது. மிச்ச இரண்டும் கருவேலம் முள்ளைத் தாண்டி, வெறும் சரளைத் தரையில் இருந்தன. அங்கே என்ன இருந்துவிடப் போகிறது என்று நிழலில் உட்கார்ந்தபடியே இரண்டுக்கும் பூஜ்யம் போட்டேன். நின்ற நேரத்தைக்கூடக் கற்பனையாக எழுதினேன்.

பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. "உங்க படிவம்தான் டீச்சர் நீட்டா இருக்கு" என்றாள். சிரித்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அவளே போன் செய்தாள். "கண்மாயத் தூர்வாரப் போறாங்க டீச்சர். மண்ண எங்க கொட்டலாம்னு ஊர்ல கேட்டாங்க. உங்க கடைசி ரெண்டு கொடிகிட்ட ஒண்ணுமே இல்லைல, அங்க கொட்டிக்கங்கன்னு சொல்லிட்டேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சரிம்மா" என்று வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் மனசு அரித்தது. மூன்றாம் நாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஏழாவது கொடி இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மண் கிடந்தது. இரண்டு ஆள்காட்டிக் குருவிகள் அதைச் சுற்றிச் சுற்றிக் கத்தின.

"காலையில இருந்து இப்படித்தான் கத்திக்கிட்டு கெடக்குக்கா, ஏன்னு தெரியல" என்றார் மண் கொட்டிக்கொண்டிருந்த லாரி டிரைவர்.

குவியலின் ஓரத்தில் குனிந்து பார்த்தேன். கூழாங்கல் போலவே ஒரு முட்டை, பாதி மண்ணுக்குள். தொட்டதும் ஓடு உள்ளே போனது.

நிறுத்தச் சொன்னேன். அவர் உடனே இன்ஜினை அணைத்தார். "முன்னமே ஒரு வார்த்த சொல்லியிருந்தா தள்ளிக் கொட்டியிருப்பேனேக்கா."

அங்கேயே நின்று அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். "பாக்கலைன்னா பாக்கலைன்னு எழுதியிருக்கலாமே டீச்சர். நாங்க திரும்பப் போய்ப் பாத்திருப்போம். பூஜ்யம் போட்டா நம்பிருவோம்ல" என்றாள் மெதுவாக. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அன்று மதியமே அவள் வந்து தேடியதில், எட்டாவது கொடியருகே இன்னொரு கூட்டில் நான்கு முட்டைகள் இருந்தன. மீதி மண்ணை வேறு இடத்தில் கொட்டினார்கள். அந்தக் கூடு ஒன்றுதான் தப்பியது.

செய்யாத செய்முறைக்கு விடை எழுதிக்கொண்டு வரும் பிள்ளைகளின் நோட்டை, செய்து பார்த்துவிட்டு எழுது என்று இன்றும் நான்தான் திருப்பிக் கொடுக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.