பலகையில் படுத்துப் பார்த்தவர்

பாகூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் வண்டிக்கு பிரேக் பார்க்கக் காத்திருந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கார்க் கதவைக்கூடச் சத்தம் வராமல் உள்ளங்கையால் அழுத்தித்தான் சாத்தினார்.

அவருடைய பழைய அம்பாசிடரின் பின்பக்கத்துக்கு, குலுக்கல் தெரியாமலிருக்க ஏர் ஷாக்கும், அதற்குக் காற்றடிக்க டிக்கியில் சின்னக் கம்ப்ரஸரும் அப்போதுதான் மாட்டி முடித்திருந்தார்கள். பின் சீட் இருந்த இடத்தில் ஒரு நீளப் பலகை. அதில் மல்லாந்து படுத்துக்கொண்டு, மெக்கானிக்கை வேகத்தடை மேல் ஓட்டச் சொன்னார். திரும்பி வந்ததும், "இன்னும் தூக்கிப் போடுது. காத்தக் கொஞ்சம் கொறைப்பா" என்றார்.

"வூட்ல யாருக்காவது உடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டேன்.

"பொணம் ஏத்தற வண்டி சார்."

"பொணத்துக்கு இன்னாங்க தெரியப் போவுது?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"அதுக்குத் தெரியாது சார். செலியமேட்டுக்கு ஒரு பையனக் கொண்டாரப்போ வண்டி பள்ளத்துல எறங்கிடுச்சி. அவன் தலை ஆடிச்சி. பக்கத்துல ஒக்காந்திருந்த அம்மா, 'உசுரு இருக்குது, ஆஸ்பத்திரிக்குத் திருப்புப்பா'ன்னு கத்துச்சி."

"திருப்பினீங்களா?"

"திருப்பாம?"

மறுபடியும் ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். இந்த முறை கதவை நான்தான் சாத்தினேன், உள்ளங்கையால் அழுத்தி.