சரிதானே மா

ஆயர் குரோ ஊரில் மாணவிகள் ஐந்து பேர் தங்கியிருந்த வாடகை வீட்டில், என் அறையில் இருந்த அக்கா சுங்கை ரம்பாய் ஊர்க்காரர். நல்ல உயரம், ஆனால் எப்போதும் கூனியே நடப்பார். படிக்கும்போது பல்கலைக்கழக மாணவர் அடையாள அட்டையை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்குவார். எழுத்துகள் அவருக்கு ஓரிடத்தில் நிற்காது. டிஸ்லெக்சியா என்று டாக்டர் கொடுத்த கடிதம் அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது.

ஆனால் காதால் ஒருமுறை கேட்டால் போதும். எங்களுக்குப் புரியாத பாடங்களை வாட்ஸப்பில் பேசி அனுப்புவார். ஒவ்வொன்றின் முடிவிலும், “நான் சொன்னது சரிதானே மா?” என்பார்.

“அந்த லெட்டரைக் கொடுத்தா பரீட்சைக்கு எக்ஸ்ட்ரா டைம் கிடைக்கும் லா, அக்கா,” என்றேன் ஒருநாள்.

அக்கா அடுப்பில் முட்டையைப் புரட்டிக்கொண்டே சொன்னார். “எல்லாரும் எழுந்து போனப்புறம் நான் மட்டும் உட்கார்ந்திருக்கணுமா? பாஸானாலும் டைம் கொடுத்ததாலதான்னு சொல்லுவாங்க. நானே அப்படித்தான் நினைப்பேன்.”

அந்த செமஸ்டர் வீட்டில் ஐந்து பேரில் நால்வர் பாஸானோம். அக்கா பெட்டியைக் கட்டினார். இப்போது குருபோங்கில் ஒரு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலையாம்.

அவர் குரல் இன்னும் என் போனில் இருக்கிறது. போன வாரம் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டேன். ‘சரிதானே மா?’ என்றதற்கு ஓரிடத்திலும் நான் பதில் சொல்லியிருக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே, ‘அடுத்த சாப்டர், அக்கா’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.