ஒரிஜினல் தாத்தாவும் நான் போட்ட போனும்

ஒரிஜினல் தாத்தா இறந்துவிட்டார்.

இன்று காலை, பழனிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில். பெரிய மகன் வீட்டுக்குக் கொண்டுவருவதா, சின்ன மகன் வீட்டுக்கா என்று முடிவாகாமல், மதியம் நேராக மின்மயானத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள்...

நம்ம ஸ்கூல் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாரே, அவர்தான். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு 'ஒரிஜினல்' என்று பட்டம் வைத்தது நான். அது அவருக்கும் தெரியும்.

ப்ளஸ் ஒன் படிக்கும்போது ஒருநாள், அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, மெஷின் கண்ணாடியில் என் முகத்தை அழுத்தி ஒரு காப்பி எடுத்தேன். கீழே 'காணவில்லை' என்று எழுதி அவர் ஷட்டரிலேயே ஒட்டினேன்.

திரும்பி வந்து பார்த்தார். கிழிக்கவில்லை. "காணோம்னு ஒட்டிட்டு எதுத்தாப்லயே வந்து நிக்கிறியே, ஒன்னைய யாருலே தேடுறா?"

இன்னொரு சேட்டையும் உண்டு. கடைக்குள் நுழையும்போதே குரலைக் கட்டையாக்கி, "ஆபீஸ்ல இருந்து வர்றோம், லைசென்ஸ எடுங்க" என்பேன். முதல் தடவை நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டார் பாவம். அப்புறம் நான் தலையைக் காட்டினாலே "வாங்க ஆபீஸர்"தான்.

போன வருடம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. கடையை மூடினார்கள். கடைக்குப் பின்னால் அவர் தனியாகக் குடியிருந்த ரூமையும் பூட்டினார்கள்.

மகன்கள் இருவரும் பேசி ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒரு தமிழ் மாதம் எங்கள் தெருவில் இருக்கும் பெரியவர் வீடு, அடுத்த மாதம் அகரத்தில் சின்னவர் வீடு. ஒன்றாம் தேதி ஆனால் ஒரு பை, ஒரு வாக்கர், மாத்திரை டப்பா, தாத்தா... எல்லாம் ஒரே ஆட்டோவில்.

அதிலும் சண்டை. "ஆனி முப்பத்திரெண்டு நாளு எனக்கு, கார்த்திகை இருபத்தொம்பது நாளு ஒனக்கா?" என்று பெரியவர் வாசலில் நின்று போனில் கத்துவது எங்கள் ஹால் வரை கேட்கும். உள்ளே தாத்தாவுக்குக் கேட்காமலா இருந்திருக்கும்?

இந்த ஆடி ஒன்றாம் தேதி காலை ஆட்டோ கிளம்பியது. பதினோரு மணிக்கெல்லாம் தாத்தாவோடு திரும்பி வந்தது. ஆடியில் வீடு மாறக் கூடாது, ஆவணி பிறக்கட்டும் என்று சொல்லி, சின்னவர் கேட்டையே திறக்கவில்லையாம்.

"ஆவணி என் மாசம்ல? அப்ப அவன் எப்பத்தேன் பாப்பான்?" பெரியவரும் உள்ளே விடவில்லை. வாசலில் ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மா சோறு கொடுத்துவிட்டாள். நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, தாத்தா என்னிடம் கேட்டார்: "என்னைய ரெண்டு காப்பி எடுக்க முடியுமாலே? ஆளுக்கொண்ணு குடுத்துரலாம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்த ரூம் சாவிய மட்டும் வாங்கிக் குடுத்தாங்கன்னாப் போதும். நான் பாட்டுக்கு அங்கிட்டுக் கெடப்பேன்."

எனக்குத்தான் மூளை ஓவர் டைம் பார்க்குமே... பிரெண்டு போனை வாங்கி, அந்தக் கட்டைக் குரலில் சின்னவரைக் கூப்பிட்டேன். "கலெக்டர் ஆபீஸ்ல இருந்து பேசுறோம். ஒங்கப்பா ஒங்க ரெண்டு பேரு மேலயும் மனு குடுத்திருக்காரு. ஒழுங்கா வச்சுப் பாக்கலைன்னா நடவடிக்கை வரும்."

பயந்துபோய் அப்பாவைக் கூட்டிப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

வந்தார். ஒரு மணி நேரத்துக்குள் பைக்கில் வந்தார். நேராக அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணனும் தம்பியும் ஒரே பக்கம் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பெத்த பிள்ளைக மேலயே மனு குடுத்தீகளா? யாரு எழுதிக் குடுத்தா?"

தாத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னப்பா சொல்ற... எவன் சொன்னான்?"

"அதேன் ஆபீஸரே போன் போட்டாரே!"

ஆபீஸர் என்றதும் மெல்லத் தலையைத் திருப்பினார். எங்கள் கேட் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார். ஒரு செகண்ட்தான்.

"ஆமா. நான்தேன் குடுத்தேன். இப்ப என்னங்கிற?"

நாள் முழுக்க ஓயாத வாய் என்னுடையது. அந்த நேரம் பார்த்துத் திறக்கவில்லை...

மூன்றாம் நாள் அவரைப் பழனிப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். "இனிமே எவனுக்கும் போன் போட்டு மனு எழுத வேணாம்" என்று பெரியவர் அவருடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். கேட்டில் ஒரு அக்கா, "நீங்க யாருங்க தம்பி?" என்றார்.

"பேரன்."

"பசங்க ரெண்டு பேருதானுங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க. அவங்க சொல்லாம யாரையும் உள்ள விடக் கூடாதுங்க. உங்கப்பாவ ஒரு வார்த்த பேசச் சொல்லுங்க."

எந்தக் குரலில் பேசுவது? அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன்.

இன்று மயானத்தில் என் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "பிள்ளைக மேலயே மனு குடுத்த ஆளுப்பா. பெறகு யாரு வச்சுப் பாப்பா?"

பெரியவருக்கும் அது கேட்டது. தலையை ஆட்டிக்கொண்டார்.

அதற்காகத்தான் இந்தப் போஸ்ட். அவர் யார் மேலும் மனு கொடுக்கவில்லை. எந்த ஆபீஸுக்கும் போகவில்லை. போன் போட்டது நான்.

பெரியவரும் சின்னவரும் இதைப் படிப்பார்கள். நான் வீட்டில்தான் இருப்பேன்.

தாத்தா... அன்றைக்கே, எங்கள் கேட்டில் நின்றே சொல்லியிருக்க வேண்டும்.

போயிட்டு வாங்க.