அரை மைக்ரோ செகண்ட்

அலுவலகத்தில் அவளுக்கு அலகம்மா என்றுதான் பெயர். யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அலகு என்னவென்று கேட்காமல் விடமாட்டாள். "இருபதுல வந்துடறேன்" என்று கணவன் போனில் சொன்னால், "இருபது என்ன? நிமிஷமா, நாளா?" என்பாள். "வருஷம்" என்பான் அந்தப் புண்ணியவான்.

சிப்புகளோடு பேசும் டிரைவர் புரோகிராம்களை எழுதுவது அவள் வேலை. குறைமாதக் குழந்தைகளின் மூச்சைக் கவனிக்கும் கருவி ஒன்று அவள் கைபட்டு, சோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. மூச்சு நின்றால் மணி அடிக்க வேண்டும். அதுவோ சமர்த்தாகத் தூங்குகிற குழந்தைக்கும் நாளுக்கு நாலு தடவை அடித்தது.

"இன்னொரு தடவை சும்மா அடிச்சா மணியை அணைச்சு வெச்சிடுவேன்" என்றாள் வார்டு நர்ஸ். "எத்தனை தடவைதான் ஓடறது?"

அணைத்து வைத்திருக்கும்போது நிஜமாகவே மூச்சு நின்றுவிட்டால்? அலகம்மா புரோகிராமை முதல் வரியிலிருந்து படிக்க உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். மூச்சை அளக்கும் சிப்பின் கையேட்டில் தெளிவாகத்தான் இருந்தது: எழுப்பிய பிறகு 1500 நானோ செகண்ட் பொறுத்து அளவைக் கேள். அதாவது ஒன்றரை மைக்ரோ செகண்ட். ஆனால் புரோகிராமில் அந்த நேரத்துக்கு அவள் வைத்திருந்த அலகு மைக்ரோ செகண்ட், அதுவும் முழு எண்தான் செல்லும். ஒன்றரையில் அரை சத்தமில்லாமல் கழன்று, மிச்சம் ஒன்று நின்றது. தூக்கக் கலக்கத்தில் கேள்வி கேட்டால் சிப் மட்டும் என்ன செய்யும்? எப்போதாவது உளறியது, மணியும் அடித்தது.

அலகை எழுதாமல் விட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அழகாக எழுதியிருந்தாள், பொருந்தாத அலகை.

"தப்பு என்னோடதுதான்" என்று எல்லோரிடமும் அவளே சொன்னாள்.

"அரை மைக்ரோ செகண்டுக்கா இந்தப் பாடு!" என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

அவளுக்கும் அதே மலைப்புதான். ஒருமுறை கண் இமைப்பதற்குள் அப்படிப்பட்ட அரைகள் லட்சக்கணக்கில் போய்விடும். அந்த இடுக்கில் ஒரு பச்சைக்குழந்தையின் உயிர் மாட்டியிருந்ததை நினைக்க உடம்பு சிலிர்த்தது. அலகை நானோவாக மாற்றி, 1500 என்று எழுதி, வார்டில் கருவியின் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று நாள் மணி வாயே திறக்கவில்லை. நாலாம் நாள் காலையில் அடித்தது.

போச்சு என்று நினைத்தாள் அலகம்மா. நர்ஸ் ஓடிவந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கையைவிட்டு, குழந்தையின் உள்ளங்காலை இரண்டு தடவை சுண்டினாள். நீலம் பாய்ந்திருந்த உதடு அசைந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது.

"சும்மா அடிக்கலைங்க. நிஜமாவே நின்னுடுச்சு" என்றாள் நர்ஸ், மூச்சு வாங்க.

அலகம்மா எழுந்து பெட்டியை ஒட்டி வந்தாள். உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்த நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

"இன்னும் எவ்வளவு நேரம் இப்படியே நிப்பீங்க?"

"ஒரு பத்து" என்றாள். பத்து என்ன என்று சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை.